சாட்சிக் கூண்டில் கறையான்

சென்ற வாரம் நமது காரியாலயத்தில் ஒரு சிறு விபரீதம் நிகழ்ந்தது. பழைய இதழ்களைத் தொகுதி தொகுதியாகக் கட்டி வைத்திருக்கும் அறையில், சுவரை ஒட்டி நின்ற மர அலமாரியிலிருந்து ஒரு தொகுதியை எடுக்கப் போனோம். அதன் முதுகில் பொன்னெழுத்து மின்னிற்று. அட்டை திடமாகவே தோன்றிற்று. கையில் எடுத்தாலோ கனமே இல்லை. திறந்து பார்த்தோம். தாளின் நான்கு ஓரங்களும் பத்திரமாக இருந்தன. நடுவே தாள் இருக்க வேண்டிய இடத்தில் ஈர மண்ணும், அதில் நெளிகின்ற வெளுத்த சிறு பூச்சிகளும் இருந்தன. ஆறு மாதத்துத் தலையங்கங்கள் அடியோடு போயின. அவற்றை எழுதியவர் நாமே ஆகையால், நஷ்டம் எவ்வளவு என்று நாம் மதிப்புப் போடுவது முறையாகாது. படிக்காமலே விழுங்கிவிடும் வாசகர்கள் நமக்குப் புதியவர்களும் அல்லர்.

நம்மை யோசனையில் ஆழ்த்தியது அந்த நஷ்டத்தைச் சுற்றி எழுந்த பேச்சுத்தான். அறையைத் துடைக்கும் பெரியவர் வந்து பார்த்து, "செல்லு அரிச்சிருக்குங்க, ஐயா" என்றார். பிழை திருத்தும் நண்பர், "கறையான்" என்றார். அதற்கு வல்லின றகரமா இடையின ரகரமா என்று அடுத்த மேஜைக்காரரோடு ஒரு சர்ச்சையையும் தொடங்கினார். கல்லூரிப் படிப்பை முடித்துச் சமீபத்தில் நம்மிடம் சேர்ந்த இளைஞர், "வெள்ளை எறும்பு, சார்" என்றார். தோட்ட வேலை பார்ப்பவர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து, "வேப்பமரத்தடியிலே புத்து கிளம்பினப்பவே நினைச்சேனுங்க" என்றார். அந்தச் சிறு ஜந்துவைப் பற்றி ஐந்து நிமிஷத்தில் இத்தனை பேச்சு.

இவர்களில் பிழையாகப் பேசியவர் படித்த இளைஞர் ஒருவரே. அவரைக் குறை கூறுவது நமது நோக்கமன்று. ஆங்கிலப் புத்தகங்கள் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகச் சொல்லிக்கொடுத்த பெயரைத்தான் அவர் மொழிபெயர்த்துச் சொன்னார். ஆயினும், கறையான் எறும்பு அன்று. எறும்பு குளவியின் சுற்றம். கறையான் கரப்பானின் சுற்றம். எறும்புக்கு இடை நூலாய்ச் சிறுத்திருக்கும். கறையானுக்கு இடை என்ற ஒன்றே இல்லை. எறும்பு முட்டையிலிருந்து புழுவாகி, கூட்டுப்புழுவாகி, பிறகே எறும்பாகும். கறையான் முட்டையை விட்டு வரும்போதே சிறு கறையானாக வருகிறது. எறும்புக் கூட்டில் உழைப்பன எல்லாம் பெண்கள். கறையான் கூட்டில் ஆணும் பெண்ணும் சேர்ந்து உழைக்கின்றன. நெடுங்காலம் விஞ்ஞானிகள் கறையானைத் தனி வரிசையாக வைத்து எண்ணிவந்தார்கள். 2007-ம் வருஷத்தில் லண்டன் இயற்கை வரலாற்றுக் காட்சிசாலையைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள், மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்த்து, கறையான் என்பது கூடி வாழக் கற்றுக்கொண்ட கரப்பானே என்று எழுதினார்கள். வட ஆஸ்திரேலியாவில் உள்ள ஒரு புராதனக் கறையான் இனம் இன்றும் கரப்பானைப் போலவே முட்டைகளைக் கட்டாகச் சேர்த்து இடுகிறது.

பெயரில் என்ன இருக்கிறது என்று நேயர்கள் கேட்கலாம். நமது இளைஞர் அன்று மாலையே கடைக்குப் போய் எறும்புப் பொடி ஒரு டப்பா வாங்கி வந்து அலமாரியைச் சுற்றித் தூவிவிட்டார். எறும்பு திறந்த வெளியில் சாரையாகப் போகும், பொடியை மிதிக்கும். கறையானோ காற்றும் வெளிச்சமும் பட்டால் உலர்ந்துவிடும் ஜந்து. சுவரிலிருந்து மரத்துக்குள் மண்ணால் குழாய் கட்டிக்கொண்டு அதற்குள்ளேயே நடக்கிறது. பொடி தரையிலே கிடந்தது. கறையான் மரத்துக்குள்ளே இருந்தது. பெயரை நம்பினதன் பலன் ஒரு டப்பாப் பொடி. உண்மையில் எறும்பு கறையானுக்குப் பரம சத்துரு. அப்பொடியால் செத்தவை, கறையானைத் தின்னக்கூடிய எறும்புகள்தாம்.

தமிழ் இந்தத் தவற்றைச் செய்யவில்லை என்பதை நாம் சற்றுப் பெருமையுடனேயே குறிப்பிடுகிறோம். தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை அறிவின் அளவால் வகுக்கும்போது, மூவறிவு உடையவற்றுக்கு உதாரணமாகச் சிதலையும் எறும்பையும் தனித்தனியே பெயர் சொல்லி வைத்தார். ஒன்றை மற்றொன்றின் வெள்ளை நிறப் பிரதியாக அவர் கருதவில்லை. தொட்டறிதல், சுவைத்தறிதல், முகர்ந்தறிதல் என்ற மூன்றோடு நிறுத்தி, கண் என்னும் நாலாவது அறிவை அவற்றுக்குக் கொடுக்கவும் இல்லை. உழைக்கும் கறையான்களுக்குப் பெரும்பாலும் கண் கிடையாது என்று இன்றைய விஞ்ஞானமும் சொல்லுகிறது. எறும்பின் விஷயத்தில் மட்டும் அவர் கொஞ்சம் சிக்கனம் காட்டிவிட்டார். பெரும்பாலான எறும்புகளுக்குக் கண் உண்டு.

சிதல் என்ற அந்தப் பழம் பதம் மலையாளத்தில் இன்றும் நித்திய வழக்கில் இருக்கிறது. தெலுங்கில் செதலு என்று நிற்கிறது. நம்மவர் அதைப் புலவர்களிடம் விட்டுவிட்டுக் கறையான் என்றும் செல் என்றும் வழங்குகிறோம். பூச்சி கண்ணில் படும்போது கறையான். அது செய்த வேலை கண்ணில் படும்போது செல். கதவைச் செல் அரித்தது என்போமேயன்றி, செல் ஊர்ந்து போகிறது என்று யாரும் சொல்லக் கேட்டதில்லை. முதல் மழைக்குப் பின் சிறகு முளைத்துப் புறப்படும்போது அதுவே ஈசல். பழைய பாட்டுக்களில் ஈயல். அது கட்டின வீடு புற்று. புற்றுக்குள்ளே தேனடை போன்ற உருவில் ஒரு பொருள் இருக்கும். அதற்குக் குரும்பி என்று பெயர். புற்றாஞ்சோறு என்றும் சொல்லுவார்கள். கரடி புற்றைப் பிளந்து குரும்பியைத் தின்பதை அகநானூற்றுப் புலவர் பாடியிருக்கிறார். இந்தச் சோறு என்ற சொல்லை நாம் எவ்வளவு பாராட்டினாலும் தகும். ஏனெனில், நம் நாட்டில் புற்றெடுக்கும் கறையான்கள் தாம் மென்ற சருகையும் மரத்தையும் அடையாக அடுக்கி, அதில் ஒருவகைக் காளானைப் பயிர் செய்து, அதனால் பக்குவப்பட்டதை உண்கின்றன. நாட்டுப்புறத்தார் அதைப் பார்த்துச் சோறு என்றார்கள், சோறாகவே இருந்தது.

ஐரோப்பியரிலும் நிதானமாகப் பார்த்தவர் இல்லாமற் போகவில்லை. தரங்கம்பாடிக்கு 1768-ல் வைத்தியராக வந்து சேர்ந்த கோனிக் என்பவர், லின்னேயஸின் மாணவர். அவர் நம் பக்கத்துக் கறையான்களை ஆராய்ந்து 1779-ல் ஜெர்மன் பாஷையில் ஒரு கட்டுரை வெளியிட்டார். அதன் தலைப்பிலேயே 'வெள்ளை எறும்பு எனப்படுவன' என்று எழுதினார். 'எனப்படுவன' என்ற ஒரு பதத்தில் அவருடைய மனச்சாட்சி வெளியாகிறது. தலைப்பில் இருந்த அந்தச் சிறு சந்தேகம் பின்வந்தோர் பேச்சில் உதிர்ந்துவிட்டது. தவறான பெயர் மட்டும் நிலைத்தது.

இனி, பூச்சியின் பெயரை விட்டு, அதன் வீட்டுக்குள் இருப்போருக்கு இட்ட பட்டங்களுக்கு வருவோம். 1781-ம் வருஷத்தில் ஹென்றி ஸ்மீத்மன் என்ற ஆங்கிலேயர், லண்டன் ராயல் சொஸைட்டியில் ஆப்பிரிக்கக் கறையான்களைப் பற்றிப் பிரசித்தமான ஒரு கட்டுரையைச் சமர்ப்பித்தார். சியரா லியோன் கரையில், அடிமை வியாபாரிகளின் நடுவே சில வருஷம் தங்கி அவர் கண்டறிந்தவை அவை. கண்டது கூர்மை, மறுப்பதற்கில்லை. ஆனால், கண்டதற்குப் பெயர் வைக்கும்போது அவர் தம் தேசத்தைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார். புற்றின் நடுவே ராஜாவும் ராணியும், காவலுக்குச் சிப்பாய்கள், உழைக்கக் கூலியாட்கள், சிறகு முளைத்தவை பிரபுக்கள். மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் இங்கிலாந்து முழுவதையும் ஒரு மண்மேட்டுக்குள் அவர் குடியேற்றிவிட்டார்.

அந்த ராணியின் நிலைமையைக் கொஞ்சம் பாருங்கள். களிமண்ணால் ஆன ஓர் அறை. அதன் துவாரங்கள் வேலைக்காரக் கறையான் போய்வரும் அளவே. ராணி வெளிவர இயலாது. வயிறு ஊதி, நகரவும் மாட்டாமல், நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கான முட்டைகளை இட்டுக்கொண்டு வருஷக்கணக்கில் அதிலேயே கிடக்கும். உத்தரவு என்று ஒன்றும் அங்கிருந்து பிறப்பதில்லை. பின் புற்று எப்படி எழும்புகிறது? பிரான்ஸ் தேசத்து விஞ்ஞானி கிராஸே 1959-ல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். ஒரு கறையான் ஓர் உருண்டை மண்ணை வைக்கிறது. அந்த உருண்டையே அடுத்ததை அங்கே வைக்கத் தூண்டுகிறது. வேலையே வேலையை ஏவுகிறது. மேஸ்திரியும் இல்லை, மன்னரும் இல்லை. சிப்பாய் என்று பெயர் பெற்றதோ, தாடை மட்டும் பெருத்துப்போய்த் தானாகத் தின்னவும் முடியாமல், வேலைக்காரக் கறையான் ஊட்டினால்தான் உயிர் பிழைக்கும்.

கறுப்பங்கி அணிந்து சில காலம் கோர்ட்டில் நின்றவர்கள் ஆகையால், நமக்கு இது பழக்கமான ஒரு காட்சியை நினைவூட்டுகிறது. சாட்சிக்கு முன்னதாகவே பாடம் சொல்லிக் கொடுத்துவிட்டு, பிறகு கூண்டில் ஏற்றி, "உள்ளதைச் சொல்" என்பார்கள். அவனும் சொல்லுவான், வக்கீல் நீதிபதியை நோக்கி, "பார்த்தீர்களா, சாட்சியே சொல்லிவிட்டான்" என்பார். கறையானுக்கு நாமே ராஜா என்றும் கூலியாள் என்றும் பெயரிட்டுவிட்டு, பின்னர் அந்தப் பெயர்களைக் காட்டி, இயற்கையிலேயே அரசன் உண்டு, கூலி உண்டு என்று வாதிப்பது இந்த ரகத்தைச் சேர்ந்ததே.

கறையான் எந்தக் கட்சிக்கும் சாட்சி சொல்லும் என்பதற்கு அத்தாட்சி உண்டு. ஸ்மீத்மன் கையில் அது முடியாட்சியைச் சொல்லிற்று. ருஷியாவின் கிராபட்கின் 1902-ல் வெளியிட்ட பரஸ்பர உதவியைப் பற்றிய நூலில், போட்டியை விட்டுக் கூடி வாழ்வதால் உயர்ந்த பிராணிகளின் வரிசையில் எறும்போடு கறையானையும் நிறுத்தினார். அங்கே அது அரசே வேண்டாதவர்களின் சாட்சி. பெல்ஜியத்து மேட்டர்லிங்க் 1926-ல் எழுதிய நூலிலோ, அதே கறையான் தனி மனிதனை நசுக்கும் இருண்ட சர்க்காரின் உருவமாயிற்று. அந்த நூலை அவர் எழுதினார் என்று சொல்லும்போதே நமக்கு நா கூசுகிறது. தென்னாப்பிரிக்காவில் யூஜின் மராய் என்பவர் ஆப்பிரிக்கான்ஸ் பாஷையில் அதற்கு முன்பே எழுதிவந்த கட்டுரைகளிலிருந்து கருத்தைக் கவர்ந்துகொண்டார் என்பது நோபல் பரிசு பெற்ற அந்தப் பெரியவர் மேல் உள்ள குற்றச்சாட்டு. மராய் வழக்குத் தொடுக்க எண்ணினார், பணமில்லை. சிறு பாஷையில் எழுதினவருக்கு நேர்ந்த கதி அது. மராயின் பார்வையில் புற்று முழுவதும் சேர்ந்து ஒரே உடல். அங்கே அரசனும் இல்லை, அடிமையும் இல்லை.

இவற்றையெல்லாம்விட நம்மை நேரே தொடும் பதம் ஒன்று உண்டு. கறையானில் உழைப்பவை, காப்பவை, இனம் பெருக்குபவை என்ற பிரிவுகளுக்கு ஆங்கில விஞ்ஞானம் வைத்திருக்கும் பொதுப்பெயர், நம் நாட்டு ஜாதிக்கு அவர்கள் வழங்கும் பெயரேதான். போர்த்துகீசியர் நம்மிடையே கண்ட பிரிவினைகளுக்குக் 'காஸ்ட்டா' என்று பெயரிட்டார்கள்; அது ஆங்கிலத்தில் 'காஸ்ட்' ஆயிற்று. 1859-ல் டார்வின் தமது பெரும் நூலில் எறும்புகளைப் பற்றிப் பேசும்போது அந்தப் பதத்தைக் கையாண்டிருக்கிறார். இன்றளவும் அது விஞ்ஞான வழக்கில் நிற்கிறது. "எறும்புக்கும் கறையானுக்கும்கூட ஜாதி உண்டே, மனிதரிடம் இருந்தால் என்ன மோசம்?" என்று கற்றவர் கேட்கவும் நாம் காதாரக் கேட்டிருக்கிறோம்.

நண்பர்களே, இந்தச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யாமல் விடலாகாது. கறையான் கூட்டில் வேலைக்காரனுக்குத் தகப்பன் யார்? சிப்பாய்க்குத் தகப்பன் யார்? ஈசலுக்குத் தாய் யார்? எல்லாவற்றுக்கும் சாதாரணமாக ஒரே தாய், ஒரே தகப்பன். வேலைக்காரக் கறையான் வேலைக்காரக் கறையானைப் பெறுவதில்லை. அதற்குப் பிள்ளையே கிடையாது. ஒரே விதமான முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சு எதுவாக ஆகும் என்பதை, பெரும்பாலும் அதற்குக் கிடைக்கும் ஊட்டமும், கூட்டில் பரவும் வாசனைச் சுரப்புகளும், அந்தச் சமயத்தில் கூட்டுக்கு யார் குறைவு என்பதும் தீர்மானிக்கின்றன. சில இனங்களில் பெற்றோர் வழியாக வரும் கூறும் கொஞ்சம் கலந்திருப்பதாக ஆராய்ச்சிகள் உண்டு. எதிர்த்தரப்புக்கு அனுகூலமான அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். நம் வீட்டு நாற்காலிக்குள் குடியிருக்கும் உலர்மரக் கறையான் வகையிலோ, இன்று உழைத்துக்கொண்டிருக்கும் குஞ்சு நாளைச் சிப்பாயாகலாம். சிறகு முளைத்து ஈசலாகலாம். ராணி செத்துப்போனால் அதன் ஸ்தானத்துக்கே வரலாம். பிறப்பினால் தொழில், தொழிலால் உயர்வு தாழ்வு, ஒருவர் தொட்டால் மற்றவருக்குத் தீட்டு என்ற நமது சரக்கில் ஒரு துளியும் புற்றுக்குள் இல்லை. இதை ஜாதி என்று தமிழில் பெயர்ப்போர் தப்பான மொழிபெயர்ப்பைச் செய்கிறார்கள் என்பதோடு, பொய்ச் சாட்சியையும் தயார் செய்கிறார்கள். வேலைப் பிரிவு என்றாலே போதும்.

வாதம் மற்றொரு திசையிலும் ஓடுகிறது. முதலில் மனிதரின் பட்டங்களைப் பூச்சிக்குக் கொடுத்தார்கள். பிறகு பூச்சியின் பெயரை மனிதருக்குக் கொடுக்கிறார்கள். 2018, 2019-ம் வருஷங்களில் வடநாட்டுப் பிரசார மேடைகளில், எல்லை கடந்து வந்து பிழைக்கும் ஏழைகளைத் 'தீமக்', அதாவது கறையான், என்று மத்திய ஆளுங்கட்சியின் அப்போதைய தலைவரே பேசினார். கைதட்டலும் கிடைத்தது. கறையானின் சுற்றமான கரப்பானை நினைத்துக்கொள்ளுங்கள். 1994-ல் ருவாண்டாவில் டுட்ஸி மக்களை ரேடியோ அந்தப் பெயராலேயே அழைத்தது. நூறு நாட்களுக்குள் லட்சக்கணக்கானோர் வெட்டுண்டு மாண்டார்கள். ஒருவனை மனிதன் என்று அழைத்துக்கொண்டே கொல்லுவது கஷ்டம். பூச்சி என்று சொல்லிவிட்டால் மருந்து தெளிப்பதுதானே என்ற எண்ணம் தானாக வந்துவிடுகிறது. நமது கட்சித் தோழர்களும் இதில் குற்றமற்றவர்கள் அல்லர். எதிர்க்கட்சிக்காரரைச் செல் என்றும், புதுக் கட்சிகளைப் புற்றீசல் என்றும் ஏசுவது மேடையில் சர்வ சாதாரணம். அப்படிப்பட்ட பேச்சுக்களை இந்தப் பத்திரிகையும் அச்சிட்டிருக்கிறது.

ஆச்சரியம் என்னவெனில், நம் கிராமத்துப் பழமொழி இந்த விவகாரத்தில் கறையானின் பக்கம் நிற்கிறது. கறையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகுந்தது என்கிறார்கள். அங்கே உழைத்தவன் கறையான், அபகரித்தவன் வேறொருவன். பாம்புப் புற்று என்று நாம் வாய் தவறிச் சொல்லிவருகிறோமே, பாம்பு ஒரு பிடி மண்ணையாவது சுமந்ததுண்டா? பழமொழியைச் சொன்ன உழவன் யார் வீட்டை யார் கட்டியது என்பதைச் சரியாகப் பார்த்து வைத்திருக்கிறான்.

கறையானுக்கு வக்காலத்து வாங்கிக்கொண்டு அதன் குற்றத்தை நாம் மறைக்கப்போவதில்லை. தில்லையில் பூட்டிக் கிடந்த அறையைச் சோழ மன்னன் திறப்பித்தபோது, மூவர் பாடிய தேவார ஏடுகளைப் புற்று மூடியிருந்ததென்றும், எஞ்சியது சிறு பகுதியே என்றும் திருமுறை கண்ட புராணம் கூறுகிறது. ஊர் ஊராய் ஏடு தேடிய உ. வே. சாமிநாதையர் அவர்கள் செல்லரித்த சுவடிகளைக் கண்டு எவ்வளவு வருந்தினார் என்பதைத் தமிழுலகம் அறியும். ஆனாலும், உலகில் சுமார் 3,000 வகைக் கறையான்கள் உண்டு. மனிதனுக்குக் கேடு செய்வன அவற்றில் சிறு பங்கே. மற்றவை சருகையும் பட்ட மரத்தையும் மண்ணாக்கிக் கொண்டிருக்கின்றன. மேற்கு ஆஸ்திரேலியாவின் வறண்ட கோதுமை நிலத்தில் எறும்பையும் கறையானையும் ஒழிக்காமல் விட்ட பாத்திகளில் விளைச்சல் 36 சதவிகிதம் அதிகமாயிற்று என்று 2011-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி கூறிற்று. அவை துளைத்த வழியாக மழைநீர் நிலத்துக்குள் இறங்கியதும், மண்ணில் தழைச்சத்து மிகுந்ததும் காரணம். தில்லையில் ஏட்டைப் பூட்டி வைத்து மறந்தது கறையான் அல்ல என்பதையும் குற்றப் பத்திரிகையில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

நமது காரியாலயத்தில் இப்போது சில ஏற்பாடுகள் செய்திருக்கிறோம். வெள்ளை எறும்பு என்ற பதம் இனி நமது பத்திரிகையில் இடம் பெறாது. கறையானைப் பற்றிய கட்டுரைகளில் ஜாதி என்ற சொல் வந்தால் பிழை திருத்துபவர் அடித்துவிடுவார். அவருக்கு அந்த அதிகாரம் எழுத்து மூலமாகவே கொடுக்கப்பட்டிருக்கிறது. மனிதரைக் கறையான் என்றும் செல் என்றும் யாரேனும் மேடையில் பேசினால், அது செய்தியாகும் பட்சத்தில், பேசினவர் பெயரோடு மேற்கோள் குறிகளுக்குள் வெளிவரும், தலைப்பில் வராது. பேசினவர் நமது கட்சிக்காரராக இருந்தாலும் இதே விதிதான். றகரமா ரகரமா என்பது இன்னும் தீரவில்லை. இந்தக் கட்டுரைக்கு மட்டும் வல்லினத்தையே கொள்வதென்று இரு மேஜைக்காரர்களும் தற்காலிகமாக உடன்பட்டிருக்கிறார்கள்.

அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி, கால்களுக்கடியில் கருங்கல் வைத்தாயிற்று. இனி மண்குழாய் ஏறினால் கண்ணுக்குத் தெரியும். வாரம் ஒருமுறை அதைப் பார்க்கும் பொறுப்பைப் பெரியவர் தாமாகவே ஏற்றுக்கொண்டார். வேப்பமரத்தடிப் புற்றை என்ன செய்வது என்று தோட்டக்காரரைக் கேட்டோம். "வெள்ளிக்கிழமை தோறும் யாரோ மஞ்சப்பொடி தூவிட்டுப் போறாங்க, ஐயா, நான் கை வைக்கமாட்டேன்" என்றார்.